பெரும்பாறை எண்ணெய்

நாட்டின் எண்ணெய் உற்பத்தி சரிந்துபோனதற்குத் தானும் ஒரு காரணம் என்பது பெரும்பாறை மாயாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயதுவரை தெரியாமலே இருந்தது. தெரியாதவர்களுக்குத் தெரிவிப்பது அரசாங்கத்தின் கடமை. தெரிவித்தார்கள். பதிவுத் தபாலில் தெரிவித்தார்கள்.

தபால் வந்தபோது மாயாண்டி கொப்பரைக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கொப்பரை என்றால் ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கிற அளவுக்குப் பெரிய செப்புப் பாத்திரம். மலைச்சரிவில் அறுத்த எலுமிச்சைப்புல்லை அதில் திணித்து, தண்ணீர் விட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசித் தீ மூட்டினால், ஆவி குழாய் வழியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் குளிர்ந்து சொட்டும். சொட்டுவதில் மேலே மிதப்பது எண்ணெய். ஒரு கொப்பரைப் புல்லுக்கு ஒரு பாட்டில் தேறினால் அன்றைக்கு நல்ல நாள். மூட்டுவலிக்கும் சளிக்கும் ஒரு தடவை தேய்த்தவர்கள் மறுபடியும் கேட்டு வருவார்கள். கொடைக்கானல் ஏரிக்கரைக் கடைகளில் அது 'பெரும்பாறை எண்ணெய்' என்ற லேபிளோடு நின்றது. ஊர்ப் பெயரை ஒட்டியதைத் தவிர மாயாண்டி வேறு ஒரு தப்பும் செய்யவில்லை.

அந்தக் கொப்பரை அவருடைய அப்பா வாங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இந்த மலைக்கு வந்து இன்னொரு தோட்டத்தில் காப்பி பறித்த குடும்பம். தோட்டத்தில் விடிந்தால் பெரட்டு. பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைய வேலை உண்டு. முழுநாள் வேலைக்கு 'ஒரு பேர்' விழும். பிந்தி வந்தால் 'அரைப்பேர்'. மனிதனுடைய பேரைப் பாதியாக நறுக்கிக் கொடுக்கிற இடத்தில் தன் பிள்ளை நிற்கக் கூடாது என்றுதான் அப்பா அந்தக் கொப்பரையை வாங்கினார். மாயாண்டியும் அவர் மனைவி லெட்சுமியும் முப்பது வருடமாகப் பெரட்டுக்குப் போகவில்லை. அவர்களுக்குப் பெருமை என்று இருந்தது இது ஒன்றுதான்.

வினை ஒரு பதிவு எண்ணின் வடிவத்தில் வந்தது. "லேபிள்ல ரிஜிஸ்டர் நம்பர் இல்லாட்டி டூரிஸ்ட்டுங்க வாங்க மாட்டேங்குறாங்கண்ணே" என்று ஏரிக்கரைக் கடைக்காரர்கள் சொன்னார்கள். மாயாண்டி தாண்டிக்குடிக்குப் போய், கம்ப்யூட்டர் வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் உட்கார்ந்தார். விண்ணப்பம் நல்ல தமிழில் இருந்தது. ஆபத்து அதில்தான் இருந்தது. 'எண்ணெய் வகை' என்ற இடத்தைத் தொட்டதும் மூன்று வகைகள் விழுந்தன: சமையல் எண்ணெய், விளக்கெண்ணெய், பாறை எண்ணெய்.

"என்ன எண்ணெய்ங்கண்ணே?"

"பெரும்பாறை எண்ணெய்ம்மா."

அந்தப் பெண் பார்த்தாள். இருக்கிறதே! அமுக்கினாள். பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் பெட்ரோலியத்தைத் தமிழில் பாறை எண்ணெய் என்று சொல்ல வேண்டும் என யாரோ படித்தவர்கள் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. அளவு என்ற இடத்தில் 'பீப்பாய்' என்ற ஒன்றுதான் விழுந்தது.

"பீப்பாய் போடட்டுமாண்ணே?"

"போடும்மா. ஒரு நீலப் பீப்பாய்லதான் ஊத்தி வைப்பேன்."

கடைசிக் கேள்வி, பத்து வருட உற்பத்தி. மாயாண்டி கண்ணை மூடி யோசித்து உள்ளதை உள்ளபடி சொன்னார். வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்திருந்தது.

இந்தப் பத்து வருடக் கணக்கு நேராகப் போய் விழுந்த இடத்துக்கு எரிபொருள் உற்பத்தி ஏற்ற இறக்க இயக்ககம் என்று பெயர். மண்ணுக்கு அடியிலிருந்து நாடு வருஷா வருஷம் எவ்வளவு எரிபொருள் எடுக்கிறது என்று கோடு போட்டுப் பார்ப்பது அதன் சோலி. நிலக்கரிக் கோட்டில் அவர்களுக்குக் கவலை இல்லை, அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. எண்ணெய்க் கோடு மட்டும் பத்துப் பதினைந்து வருடமாக இறங்கிக்கொண்டே வந்தது. பழைய கிணறுகள் வற்றிவிட்டன, புதியவை சரியாக வாய்க்கவில்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தெரிந்த காரணத்தை எழுதினால் கோப்பு முடிந்துவிடும். கோப்பு முடிந்தால் பிரிவு முடிந்துவிடும். ஆகவே இயக்ககம் எல்லா உற்பத்தியாளருக்கும் 'சரிவுக்கு விளக்கம் தருக' என்று வருடந்தோறும் கடிதம் அனுப்பியது. பெரிய கம்பெனிகள் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

மாயாண்டி பிரித்தார். 'தங்களது பாறை எண்ணெய் உற்பத்தி பத்தாண்டுகளாகச் சரிந்துவருவதற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்' என்று இருந்தது. எழுத்துப்பிழை, 'பெரும்' விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"பதில் கிதில் போடாதீங்க" என்றாள் லெட்சுமி. "கவர்மெண்டு கடுதாசிக்குப் பதில் போட்டவன் நல்லா இருந்ததா எங்க தோட்டத்துல யாரும் சொன்னதில்ல."

"எண்ணெய் ஏன் கொறையுதுன்னு இத்தன வருசத்துல நம்மள ஒரு மனுசன் கேட்டிருக்கானா? அம்புட்டுத் தொலவுல இருந்து கேக்குறாங்க. பதில் போடாட்டி நல்லாவா இருக்கும்?"

போட்டார். 'ஐயா, மூன்று வருடமாக மழை சரியில்லை. புல் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. மேல்சரிவை ரிசார்ட்டுக்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள். மிச்சத்தைக் காட்டுமாடு வந்து மிதிக்கிறது.' கடைசியில் 'தங்கள் அக்கறைக்கு நன்றி' என்றும் எழுதினார்.

இயக்ககத்தில் அன்று இனிப்பு வழங்கினார்களாம். ஆண்டறிக்கையில் 'எண்ணெய் உற்பத்திச் சரிவுக்கான காரணங்கள்' என்ற அத்தியாயம் பல வருடங்களாகத் தலைப்போடு நின்றிருந்தது. இப்போது எழுத விஷயம் கிடைத்துவிட்டது. மழையை வானிலைக்காரர்களுக்கு அனுப்பினார்கள். ஆள் கிடைக்காததைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினார்கள். ரிசார்ட்டு யாருடையது என்று விசாரித்துவிட்டு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது காட்டுமாடு. இந்தியாவில் கச்சா எண்ணெய் குறைவதற்குக் காரணம் காட்டுமாடு என்று அந்த வருடத்து அறிக்கையில் அச்சாகி வெளிவந்தது. யாரும் மறுக்கவில்லை, யாராவது படித்தால்தானே.

ஆய்வுக்கூட்டத்தை உற்பத்தி நடக்கும் பகுதியிலேயே நடத்த வேண்டும் என்று இயக்ககத்தில் ஒரு விதி உண்டு. எண்ணெய் எடுக்கிற இடமெல்லாம் பாலைவனமும் நடுக்கடலுமாக இருந்ததால் பலகாலம் அந்த விதி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மே மாதம் பிறந்ததும் வந்தது. நாற்பது கார்கள் கொடைக்கானலுக்கு ஏறின. அதிகாரிகளின் பெண்டுபிள்ளைகள் படகுக்குப் போனார்கள். அதிகாரிகள் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு ஓட்டல் கூடத்தில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் சட்டையில் 'உற்பத்தியாளர்' என்று அட்டை குத்தி மாயாண்டியை உட்கார வைத்தார்கள். வெறுங்கையோடு வரக் கூடாதே என்று அவர் ஒரு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். இயக்குநர் திருமலைச்சாமி மோந்து பார்த்தார், மேசைக்கு அடியில் முழங்காலில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டார், பிறகு பேச எழுந்தார். எழும்போது வழக்கமாக வரும் முனகல் வரவில்லை.

"நண்பர்களே! சரிவு, சரிவு என்கிறார்கள். எது சரிவு? நேற்று இந்த மலையில் ஏறி வந்தீர்கள். நாளை மறுநாள் அதே ரோட்டில் இறங்கிப் போவீர்கள். ரோடு ஒன்றுதானே?" கைதட்டல். "நான் பொறுப்பேற்றபோது எண்ணெய் உற்பத்தி குறைந்துகொண்டிருந்தது. இன்றும் குறைந்துகொண்டிருக்கிறது. இந்தத் தொடர்ச்சியைத்தான் நிர்வாகம் என்கிறோம். உற்பத்தி குறைந்தால் வெளிநாட்டிலிருந்து வாங்குவது கூடும். வாங்குவது கூடினால் கவலை கூடும். கவலை கூடினால் நாம் கூடுவோம். பூமிக்கு அடியில் எண்ணெய் தீர்ந்துபோகலாம் நண்பர்களே, நம் கூட்டம் தீராது! 2030க்குள் உற்பத்தியை இரட்டிப்பாக்குவோம் என்று இந்த ஏரியைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்." ஏரி அப்போது பனிமூட்டத்தில் தெரியவில்லை.

அடுத்து, எரிபொருளைக் கைவிடும் பிரிவின் தலைவி ஜெயப்பிரியா எழுந்தார். "இயக்குநர் இரட்டிப்பு என்றார். பூமி சூடாகிறது. ஆகவே அதே 2030க்குள் உற்பத்தியைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது என் பிரிவின் இலக்கு. இரண்டும் முரண்படுவதாகச் சிலர் பேசுகிறார்கள். எப்படி முரண்படும்? அவர் பிரிவு இரண்டாம் மாடியில் இருக்கிறது, என் பிரிவு நான்காம் மாடியில் இருக்கிறது. நடுவில் ஒரு மாடி காலியாகவே இருக்கிறது." இதற்கும் அதே ஆட்கள் அதே வேகத்தில் கைதட்டினார்கள்.

உற்பத்தியாளர் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். மாயாண்டிக்கு அதற்குள் லேசாகப் புரிய ஆரம்பித்திருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்கிறக் கூடாது. இது பூமிக்கடியில எடுக்குறது இல்லீங்க. புல்லுல எடுக்குறது."

திருமலைச்சாமி துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த உயிர்கள்தானே இன்று எண்ணெய்! நாம் நாற்பது பக்கத்தில் சொல்வதை ஒரு சாமானியர் 'புல்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்!"

"இன்னும் பொதையலீங்க ஐயா, முந்தாநாத்துதான் அறுத்தோம்" என்றார் மாயாண்டி. கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

ஒரு வாரம் கழித்து, வெள்ளனே ஒரு ஜீப் பெரும்பாறைக்கு வந்தது. ஆய்வாளர் முருகானந்தம் இறங்கினார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொப்பரைக்குப் பக்கத்தில் போனார்.

"எண்ணெய்க் கிணறு எங்கப்பா?"

"எண்ணெய்க்கு ஏதுங்க கெணறு? தண்ணிக் கெணறுதான் இருக்கு, எட்டடி. ஆவியக் குளுர வைக்க அதுலதான் எறைப்போம்."

'கிணற்றின் ஆழம் எட்டு அடி' என்று முருகானந்தம் எழுதினார். ஆயிரக்கணக்கான அடி தோண்டினாலும் அகப்படாத எண்ணெய் எட்டு அடியில் கிடைப்பதை எண்ணி அவருக்குக் கண் கலங்கியது. பீப்பாயைத் திறந்து மோந்தார். 'எலுமிச்சை மணம். கந்தகம் அறவே இல்லை. முதல்தரக் கச்சா.' பிறகு அடுப்புக்கு முன்னால் குனிந்து கறுப்பாக எதையோ எடுத்தார்.

"இது நிலக்கரியா?"

"நெலத்துல கெடக்குற கரிதாங்க."

அதையும் எழுதிக்கொண்டார். ஒரே இடத்தில் எண்ணெயும் நிலக்கரியும். போகும்போது சரிவின் தலையில் ஒரு சிவப்புப் பலகையை நட்டுவிட்டுப் போனார். 'எண்ணெய் வயல். ஐந்நூறு மீட்டருக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. மீறினால் சிறை.'

மாயாண்டி பலகையை இரண்டு தடவை படித்தார். பிறகு ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். "ஐயா! நெருப்பு வெக்காட்டி எண்ணெய் எப்பிடிங்க எறங்கும்?"

முருகானந்தம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நெருப்பு வச்சா எண்ணெய் வயல் பத்திக்கிடுமேப்பா. உன் நல்லதுக்குத்தான்."

"பத்த வெக்கிறதே எண்ணெய்க்குத்தானுங்க!"

ஜீப் திரும்பிவிட்டது.

வீடு கொப்பரையிலிருந்து இருபது மீட்டர். ஆகவே லெட்சுமியின் சோற்று அடுப்பும் எண்ணெய் வயலுக்குள் வந்துவிட்டது. பானையையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு ஐந்நூறு மீட்டர் தள்ளித் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய், தெரிந்த வீட்டுத் திண்ணையோரத்தில் மூன்று கல் கூட்டிப் பொங்கி எடுத்து வந்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் பானையை மாயாண்டிக்கு முன்னால் வைத்துவிட்டு, "அக்கறையாக் கேக்குறாங்கன்னு சொன்னீங்களே, சாப்பிடுங்க" என்றாள். சோறு ஆறிப்போயிருந்தது.

புல் வளர்ந்தது. அந்த வருடம் பார்த்து மழை நன்றாகப் பெய்தது. அறுக்க ஆட்களும் தாமாக வந்து கேட்டார்கள். காட்டுமாடுகள் சிவப்புப் பலகையைக் கண்டு மிரண்டனவோ என்னவோ, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாயாண்டியின் வாழ்நாளில் புல் அப்படித் தழைத்ததே இல்லை. பூ விடுவதற்குள் அறுத்தால்தான் எண்ணெய் தேறும். காற்று திரும்பினால் சரிவு முழுக்க எலுமிச்சை மணந்தது. அவர் கொப்பரையைத் தொட்டுப் பார்ப்பார். அது சில்லென்று இருக்கும். அதைத் தொடும்போதெல்லாம் அவருக்கு அழுகை வந்தது என்பதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணெய் உற்பத்தியாளர் பட்டியலிலிருந்து தன் பேரை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போனார். பஸ் மாறிப் பஸ் மாறி மலை இறங்கி, இயக்ககத்தின் வட்டார அலுவலகத்தில் முருகானந்தத்தின் முன் நின்றார்.

"சேர்க்கத்தான் விண்ணப்பம் இருக்கு, எடுக்கிறதுக்கு இல்லையே" என்று முருகானந்தம் வருத்தப்பட்டார். புத்தகத்தைப் புரட்டினார். "ஆங், இருக்கு. கிணறு வத்திப்போனா எடுக்கலாம். வத்தின கிணத்தை போட்டோ பிடிச்சு அனுப்பு."

"அது தண்ணிக் கெணறுங்க ஐயா."

"தண்ணி வத்தட்டும். கிணறு கிணறுதானே."

மாயாண்டி வீட்டுக்கு வந்து வாளியைக் கட்டி இறைக்க ஆரம்பித்தார். லெட்சுமியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தாள். காலையில் தொடங்கி மாலைவரை இறைத்தார்கள். அடி மணல் தெரிந்தது. போட்டோ எடுக்க லயத்திலிருந்து கேமரா போன் வைத்திருக்கிற ஆளைக் கூட்டி வருவதற்குள் ஊற்று சுரந்து முழங்கால் அளவு நின்றது. மறுநாளும் இறைத்தார்கள். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால் கிணறு தளும்பிக் கிடந்தது. கோடைக்கு இரண்டு வாளித் தண்ணீருக்குக் கெஞ்ச வைக்கிற கிணறு அது.

"விட்டுருங்க" என்றாள் லெட்சுமி. அவள் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

இன்னொரு வழியும் புத்தகத்தில் இருந்தது. இது பாறை எண்ணெய் இல்லை என்று இயக்ககத்தின் சோதனைக்கூடம் சான்று கொடுத்தால் போதும். பீப்பாயில் மிச்சம் இருந்ததை வழித்து மாயாண்டி ஆறு பாட்டிலில் அடைத்து அனுப்பினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'அனுப்பிய மாதிரிகள் பூர்வாங்க ஆய்விலேயே தீர்ந்துவிட்டன. இயக்குநர், துணை இயக்குநர் மற்றும் கணக்காளரின் மாமியார் ஆகியோரிடம் நல்ல முடிவுகள் காணப்பட்டன. முழுச் சோதனைக்கு மேலும் பன்னிரண்டு பாட்டில் அனுப்பவும்.'

பன்னிரண்டு பாட்டில் வேண்டுமென்றால் கொப்பரை எரிய வேண்டும். கொப்பரை எரிய வேண்டுமென்றால் சான்று வேண்டும். சான்று வேண்டுமென்றால் பன்னிரண்டு பாட்டில் வேண்டும். மாயாண்டி இதை விரல்விட்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே மூன்று விரலில் வந்து நின்றது.

ஐப்பசியில் ஒரே தபால்காரர் ஒரே நாளில் இரண்டு கடிதம் கொண்டுவந்தார். இரண்டாம் மாடியிலிருந்து ஒன்று: 'தங்கள் உற்பத்தியை 2030க்குள் இரட்டிப்பாக்க இதனால் ஆணையிடப்படுகிறது.' நான்காம் மாடியிலிருந்து ஒன்று: 'தங்கள் உற்பத்தியை 2030க்குள் முற்றிலும் நிறுத்த இதனால் ஆணையிடப்படுகிறது.' இரண்டிலும் 'தவறினால் நடவடிக்கை' என்று ஒரே எழுத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் புல் பூ விட்டிருந்ததை மாயாண்டி பார்த்தார். சரிவெங்கும் கதிர் கதிராகப் பூத்து ஆடிக்கொண்டிருந்தது. தெரியாதவன் பார்த்தால் அழகு என்பான்.

மறுவாரம் லெட்சுமி விடியும் முன் எழுந்து, தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தோட்டத்துப் பெரட்டுக்குப் போய் நின்றாள். நாலு நாள் கழித்து மாயாண்டியும் போனார். கங்காணி நல்லசாமி அவர் அப்பாவைப் பார்த்தவர். பேரை எழுதும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. அது அவர் செய்த மரியாதை.

மறுபடி மே மாதம் வந்தது. விதி ஞாபகம் வந்தது. நாற்பது கார்கள் ஏறின. இந்த முறை மாயாண்டிக்கு அழைப்பிதழே அடித்திருந்தார்கள். ஒரு நாள் வேலை போகிறதே என்று யோசித்தார். ஆனால் இயக்குநர் கையைக் காலைப் பிடித்துக் கேட்டால் ஒருவேளை தீ மூட்ட விடுவார் என்று ஓர் ஆசை. அந்த ஆசைக்காகத்தான் போனார்.

மேடையில் ஜெயப்பிரியா அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். "2030க்குள் அடைய வேண்டிய இலக்கை ஐந்து வருடம் முன்னதாகவே அடைந்தவர் இவர்! போன வருடம் இவருடைய உற்பத்தி சுழியம்! ஒரே வருடத்தில்! நாங்கள் ஒன்றுமே செய்யாமல்!" கையில் ஒரு கேடயம் கொடுத்தார். பிளாஸ்டிக்கில் செய்த எண்ணெய்க் கோபுரம், அடியில் பொன்னெழுத்தில் 'மாயாண்டி, பெரும்பாறை' என்று முழுசாகப் பேர் பொறித்திருந்தது. மேடையை விட்டு இறங்கியதும் முருகானந்தம் ஓடி வந்து ஒரு தாளை நீட்டினார். இரண்டாம் மாடி அனுப்பியது. உற்பத்தி திடீரென்று சுழியமானதற்கு விளக்கம் தர வேண்டும். போன முறை மாதிரி எழுதிக் கொடுக்கத் தேவையில்லை, இப்போது காரணங்களை அச்சிட்டே கொடுத்திருந்தார்கள், டிக் அடித்தால் போதும். ஒரே ஒரு காரணம்தான் அச்சாகியிருந்தது. காட்டுமாடு.

மாயாண்டி டிக் அடித்தார். வேறு என்ன செய்வது?

சாப்பாட்டு நேரத்தில் திருமலைச்சாமி அவரைத் தனியாக ஒரு தூணோரம் அழைத்தார். குளிரில் அவர் நொண்டிக்கொண்டுதான் வந்தார்.

"பாட்டில் ஒண்ணும் கொண்டுவரலையாப்பா?"

"இல்லீங்கய்யா. நெருப்பு வெக்கக் கூடாதுன்னுட்டாங்களே. ஐயா ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..." "அது புல்லெண்ணெய்னு ஐயாவுக்கே தெரியும்ல. முழங்காலுக்குத் தேய்க்கிறீங்கள்ல. பெட்ரோல யாராவது காலுக்குத் தேய்ப்பாங்களாய்யா?"

திருமலைச்சாமி அக்கம்பக்கம் பார்த்தார். "எனக்குத் தெரியும் மாயாண்டி. முருகானந்தத்துக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும். இந்தக் கூடத்துல தெரியாத ஆளே கிடையாது. ஆனா அறிக்கையில வந்துருச்சே. இப்ப உன் பேரை எடுத்தா, எண்ணெய் ஏன் குறையுதுன்னு மறுபடியும் காரணம் தேடணும். நான் ரிட்டையர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு." குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே வலித்திருக்க வேண்டும். "இத்தனை வருஷ சர்வீஸ்ல எங்க பட்டியல்ல உருப்படியா இருந்தது உன் எண்ணெய் ஒண்ணுதான்ப்பா."

கடைசி பஸ் போய்விட்டது. மாயாண்டி பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் முடங்கிக் கிடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரும்பாறையில் இறங்கினார். வீட்டுக்குப் போக நேரமில்லை. கேடயத்தைக் கையில் பிடித்தபடியே வெரசாகப் பெரட்டுக்களத்துக்கு நடந்தார். போகும் வழியில் போனில் ஒரு செய்தி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். 'தங்கள் பெயர் தேசிய எண்ணெய் உற்பத்தியாளர் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இனி நீக்க இயலாது. வாழ்த்துகள்.'

பெரட்டு முடிந்து ஆட்கள் பிரிந்துகொண்டிருந்தார்கள். வெயில் காப்பிச் செடிக்கு மேல் ஏறியிருந்தது. களை வெட்டும் கூட்டத்தில் நின்ற லெட்சுமி கேடயத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், தீ மூட்டலாமா என்று கேட்கவில்லை. நல்லசாமி கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"நேத்து வரல. இன்னைக்கும் பிந்திட்ட. நான் என்னடா பண்ணட்டும், மேல தொரை பாக்குறாரு. இன்னைக்கு அரைப்பேருதான் மாயாண்டி."

"சரிங்க."

அவர் கேடயத்தை மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். லெட்சுமிக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பது வருடமாகக் கேட்காத அந்தச் சொல் அவளை எங்கோ தைத்துவிட்டது.

"அரைப்பேரா? மத்த அரைப்பேரு எங்கேங்க போச்சு?" என்றாள் சத்தமாக, யாரைக் கேட்கிறோம் என்று இல்லாமல்.

"கவர்மெண்டுக்கிட்ட இருக்கு" என்றார் மாயாண்டி. "அத எடுக்க முடியாதாம்."

பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நின்ற வரிசைக்குப் போனார்.